கடைக்கோடி அறை

பிப்ரவரி 4

அன்புள்ள சித்திக்கு,

எங்கள் குளியலறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் காணோம். காலையில் பல் தேய்க்கப் போனபோதுதான் பார்த்தேன். அது இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. துரு பிடித்துவிட்டது, கழற்றிப் போட்டுவிட்டேன் என்று அத்தான் சொன்னார். இந்த வாரம் வேறு செய்தி எதுவும் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

உங்கள் முழங்கால் வலி தேவலையா? இங்கே அக்கா, அத்தான், நான் மூவரும் சுகம்.

எழுதச் சொன்னது அத்தான். மே மாதம் அக்காவைக் கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துப் போகப் போகிறாராம். நேற்று சாப்பிடும்போது சொன்னார். "கல்யாணம் ஆகி ரெண்டு வருஷம் ஆகப் போகுது, நாம ரெண்டு பேரும் எங்கயாவது தனியா இருந்திருக்கமா? கடல்ல யாரும் வந்து கதவைத் தட்ட மாட்டாங்க" என்றார். அக்கா சிரித்தாள். அவள் தட்டில் சாதம் அப்படியே இருந்தது.

நீங்கள் கப்பல் டிக்கெட் போட்டுக் கொடுக்கும் தொழிலிலேயே இருப்பதால் உங்களிடம் கேட்டு எல்லாம் செய்யலாம் என்கிறார். முதல் தடவை போகிறவர்கள் எந்தக் கப்பலில் போவது, எந்த அறை நல்லது, என்ன எடுத்துப் போவது என்று விவரமாக எழுதுங்கள். போனில் கேட்கலாம்தான். போன் கீழே அத்தானின் மூக்குக்கண்ணாடிக் கடையில் இருக்கிறது. எனக்கோ போனை எடுத்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும், உங்களுக்குத் தெரியாததா.

அக்கா பாத்திரம் கழுவும்போது தானும் ஒன்று கேட்கச் சொன்னாள். கப்பல் அறையில் குளியலறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்குமா? ஏன் என்று நான் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
பூனை


பிப்ரவரி 15

என் பூனைக்குட்டிக்கு,

உன் எழுத்தைப் பார்த்ததும் பாதி முழங்கால் சரியாகிவிட்டது. மீதிப் பாதி மாடிப்படி ஏறும்போது ஞாபகம் வருகிறது. நீங்கள் மூவரும் நன்றாக இருப்பது அறிந்து நிம்மதி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சித்தி இதுவரை கப்பலில் ஒரு ராத்திரிகூடத் தூங்கியதில்லை. துறைமுகத்தில் நிற்கும்போது ஏறி அறைகளைப் பார்த்துவிட்டு இறங்கி வந்துவிடுவேன். கல்யாணமே பண்ணாத தரகர் மாதிரி. ஆனாலும் எத்தனை ஜோடிகளை ஏற்றி அனுப்பியிருக்கிறேன், திரும்பி வந்தவர்களிடம் எத்தனை திட்டு வாங்கியிருக்கிறேன் என்று பார்த்தால் நான் சொல்வதைக் கேட்கலாம்.

முதல் தடவை நீண்ட பயணம் வேண்டாம். மூன்று நான்கு ராத்திரி போதும். கடல் ஒத்துக்கொள்ளாது என்பது கரை மறைந்த பிறகுதான் தெரியும். அப்போது வண்டியை நிறுத்தி இறங்க முடியாது. அறை கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் இருக்கட்டும். ஆட்டம் அங்கேதான் குறைவு. முன்கோடியில் நங்கூரச் சங்கிலி உறுமும், பின்கோடியில் இயந்திரம் உறுமும். பால்கனி வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்படுகிறார்கள். பாதிப் பேர் அதில் ஈரத்துணி காயப் போடுகிறார்கள். ஜன்னலே இல்லாத அறை இருட்டுதான், ஆனால் பகலெல்லாம் மேல்தளத்தில் சுற்றுகிறவர்களுக்கு அது போதும்.

பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு அவை வந்துசேர சாயங்காலம் ஆகும். அதனால் மாற்று உடை, மாத்திரை, பல்பொடி எல்லாம் ஒரு கைப்பையில் இருக்கட்டும். குமட்டல் மாத்திரையைக் குமட்டலுக்கு முன்னால் போட வேண்டும். இடையில் ஊர் பார்க்க இறங்கினால் சொன்ன நேரத்துக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். கப்பல் ஒன்றும் மாமனார் வீட்டு வண்டி இல்லை, மாப்பிள்ளைக்காகக் காத்திருக்க.

முக்கியமானது இது. சாப்பாட்டுக்கு இருவர் மேசை கேட்காதீர்கள். நாலு பேரோடு உட்காருங்கள். இரண்டாம் நாளே பேச்சு தீர்ந்துபோய் உப்பைத் தள்ளு, தண்ணீரைத் தள்ளு என்று உட்கார்ந்திருக்கும் புதுஜோடிகளின் கதை எனக்குத் தெரியும். நாள் முழுக்க ஒட்டிக்கொண்டே திரியவும் வேண்டாம். அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் போய்விட்டு வந்து பேசினால் பேசுவதற்கு ஏதாவது இருக்கும்.

எங்கள் கவுண்டரில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜோடியாக வந்தால் பேனாவை மனைவி கையில் கொடுப்பேன். கப்பல் படத்தை அவள் பக்கம் திருப்பி, "எந்த அறை வேணும்மா?" என்பேன். சிலர் டக்கென்று காட்டுவார்கள். சிலர் கணவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் காட்டுவார்கள். சிலர் பேனாவையே அவரிடம் நீட்டிவிடுவார்கள். அந்த மூன்றாவது ரகம் வந்தால் எனக்கு அன்றைக்குத் தேநீர் இறங்காது.

அக்கா கேட்டதற்குப் பதில்: தாழ்ப்பாள் உண்டு, நல்ல கனமானது. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி இது! முதலில் வீட்டுத் தாழ்ப்பாளை மாட்டச் சொல் மாப்பிள்ளையை. மூக்குக்கண்ணாடிக்கு எறும்புக்கால் திருகாணி போடுகிறவருக்கு இது ஒரு வேலையா?

எல்லாருக்கும் என் அன்பு.

சித்தி


மார்ச் 1

மதிப்பிற்குரிய சித்திக்கு,

நாங்கள் அனைவரும் நலம். தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

தங்கள் ஆலோசனைகளுக்கு அத்தான் நன்றி தெரிவிக்கச் சொன்னார். குளியலறைத் தாழ்ப்பாள் பற்றி நான் தவறாக எழுதிவிட்டேன். தாழ்ப்பாள் இருக்கிறது. எனக்குச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை.

பயணம் ஏழு ராத்திரி இருக்கட்டும். அறை மேல்தளத்தில், பின்பக்கக் கடைக்கோடியில், பக்கத்தில் வேறு அறை இல்லாததாக, பால்கனியோடு வேண்டும். சாப்பாடு அறைக்கே வர வேண்டும். மற்றவர்களோடு மேசை வேண்டாம். இடையில் எந்த ஊரிலும் இறங்குவதாக இல்லை. அறையில் தொலைபேசி இருந்தால் அதை எடுத்துவிடச் சொல்ல முடியுமா என்று தெரிவிக்கவும். ஓய்வுக்காகப் போவதால் இப்படி.

இருவருடைய பாஸ்போர்ட்டும் இத்துடன் வருகின்றன. இந்தக் கடிதத்தை அத்தானே தபாலில் சேர்ப்பார்.

தங்கள் அன்புள்ள,
அக்கா மகள்


மார்ச் 9

அன்புள்ள பிள்ளைகளுக்கு,

இங்கே நான் சுகம். அங்கேயும் அப்படியே இருக்க வேண்டும்.

பாஸ்போர்ட்டுகள் பத்திரமாக வந்துசேர்ந்தன. மாப்பிள்ளை கேட்ட அறை மே 17 கிளம்பும் கப்பலில் இருக்கிறது. எழுதி வைத்துவிட்டேன். தொலைபேசியை எடுக்க மாட்டார்களாம். அது கப்பல்காரர்களின் விதி, நான் என்ன செய்ய.

ஒரு சின்ன வேலை பாக்கி. பெரியவளே, உனக்கு என்ன அறை பிடிக்கும் என்று உன் கையாலேயே இரண்டு வரி எழுதி அனுப்பு. எங்கள் ஆபீசில் மனைவியின் சம்மதமும் கேட்போம். என் வழக்கம்தான், வேறொன்றும் இல்லை.

அன்புடன்,
சித்தி


மார்ச் 20

அன்புள்ள சித்தி,

இதை நான் வேலை பார்க்கும் சலவைக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் சுகம்தானே? இனிமேல் எனக்கு எழுதுவதை எல்லாம் இந்தக் கடை முகவரிக்கே அனுப்புங்கள், பின்னால் எழுதியிருக்கிறேன். வீட்டுக்கு வரும் தபால் எல்லாம் கீழே அத்தான் கடையில்தான் விழுகிறது.

அக்கா உங்களுக்கு எழுதி அனுப்பிய இரண்டு வரி கிடைத்திருக்கும். எழுத்து அக்காவுடையது. வரி அவளுடையது இல்லை.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்று அத்தான் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து இரண்டு தடவை படித்தார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடுவதே இல்லை சித்தி. கடையில் கண் பரிசோதிக்கும்போது கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா அது தெளிவா என்று கேட்பார் அல்லவா, வீட்டிலும் அதே குரல்தான்.

"தாழ்ப்பாள் இருக்கா, இல்லையா? எது சரி?"

"இல்ல அத்தான்."

"அவசரப்படாத. நல்லாப் பார்த்துட்டு சொல்லு. இருக்கா, இல்லையா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மேசைத் துணியின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"இருக்கு அத்தான்."

"பார்த்தியா, இப்ப தெளிவாயிடுச்சு. அதையே சித்திக்கு எழுதிடு. பெரியவங்களைக் குழப்பக் கூடாது."

பிறகு என்னைச் சலவைக் கடையில் வேலை இருக்கும் போ என்று அனுப்பினார். அன்று கடைக்கு விடுமுறை. படியில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். அக்கா இடது கையால் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். அக்கா இடது கைக்காரி இல்லை.

கதவில் இடித்துக்கொண்டேன் என்கிறாள்.

கடைக்கார அம்மா நல்லவர். சத்தமாகப் பேசுவார், ஆனால் கேள்வி கேட்க மாட்டார். நேற்று அத்தான் சட்டைகளை இஸ்திரி போடும்போது, "எல்லா ஆம்பிளைங்க காலரும் ஒரு வாரத்துல கறுத்துப் போகுது. உங்க அத்தானுக்கு வேர்க்கவே வேர்க்காதா? ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுக்கறீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சித்தி, கப்பல் பால்கனியின் கம்பி எவ்வளவு உயரம்? இடுப்பு வரையா, நெஞ்சு வரையா? பக்கத்தில் அறை இல்லாவிட்டால் கூப்பிட்டால் யாருக்குக் கேட்கும்?

பூனை


மார்ச் 29

பூனைக்குட்டிக்கு,

சுகமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், சுகமா?

உன் கடிதத்தை ஆபீசில் படித்தேன். அடுத்து வந்த வாடிக்கையாளரிடம் கப்பல் படத்தைத் தலைகீழாகக் காட்டிக்கொண்டிருந்தேனாம். முதல் கடிதத்தில் நான் அடித்த நக்கல் உன் அக்காவின் கையில் அடியாக விழுந்திருக்கிறது. அதைப் பற்றி இப்போது அழுது பயன் இல்லை.

எனக்கு மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும். ஒன்று, அவள் கையை யாராவது வைத்தியர் பார்த்தாரா? இரண்டு, இப்போதே கிளம்பி இங்கே வரச் சொன்னால் வருவாளா? மூன்று, உன்னையும் அடித்தானா?

நான் சனிக்கிழமை அங்கே வருகிறேன். வேண்டாம் என்றால் உடனே எழுது.

கம்பி நெஞ்சு வரை. ஆனால் நீ கேட்டது கம்பியைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும்.

சித்தி


ஏப்ரல் 3

அன்புள்ள சித்தி,

தயவுசெய்து வராதீர்கள். நீங்கள் வந்தால் அத்தான் நாற்காலி போட்டு, உங்கள் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்து, பழம் நறுக்கி வைப்பார். உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும். நீங்கள் போன பிறகு இங்கே நாங்கள்தான் இருப்போம்.

கையை யாரும் பார்க்கவில்லை. அத்தானே கட்டுப் போட்டார், மிகவும் நேர்த்தியாக.

வரச் சொன்னால் வருவாளா என்று கேட்டேன். துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள்: "எங்கடி போறது? மனுஷன் கடையிலயே அடைஞ்சு கிடக்கிறார், அதான் இப்படி. கடல் காத்து பட்டா மாறிடுவார். முதல்ல இப்படி இல்லையே." எனக்குத் தெரிந்து முதலிலும் இப்படித்தான். பத்தாவதைப் பாதியில் விட்டுவிட்டு நான் இங்கே வந்த அன்றே அக்கா என்னிடம் மெதுவாகப் பேசச் சொன்னாள். அம்மா போன துக்கத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

அத்தான் தினமும் கப்பல் பேச்சுதான் பேசுகிறார். அக்காவுக்கு மூன்று புது உடை வாங்கி வந்தார். எல்லாம் முழங்கை தாண்டிய நீளக்கை. நேற்று தேநீர் குடித்துக்கொண்டே, "கடைக்கோடி அறைல கீழ இன்ஜின் ஓடிக்கிட்டே இருக்குமாம், சித்தி எழுதியிருக்காங்களே. நாம என்ன பேசினாலும் நமக்கு மட்டும்தான் கேக்கும்" என்றார். அக்காவின் தலையைத் தடவினார். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், முடி வெட்டுகிறவர் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல.

அவர் கீழே போன பிறகு அக்கா காதுத் தோட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "இதை நீ வெச்சுக்க. கப்பல்ல தொலைஞ்சுரும்" என்றாள். பிறகு, "நான் திரும்பி வர லேட்டாச்சுன்னா நீ இங்க இருக்காத. நேரா சித்திகிட்ட போயிடு" என்றாள்.

லேட் ஆகுமா சித்தி? கப்பல் சொன்ன நாளில்தானே திரும்பும்?

மூன்றாவது கேள்விக்கு இடம் இல்லை, தாள் முடிந்துவிட்டது.

பூனை


ஏப்ரல் 11

என் கண்ணே,

தாள் முடியவில்லை. பின்பக்கம் முழுக்க வெறுமையாக இருந்தது. புரிந்துகொண்டேன். நீ எழுத வேண்டாம்.

உன் உடம்பு எப்படி, அவள் உடம்பு எப்படி என்று இங்கே இருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். முழங்கால் வலி எனக்கு இருப்பதாகவே தெரியவில்லை.

நான் சொல்வதைக் கவனமாகப் படி. படித்ததும் கடைக்கார அம்மாவின் அடுப்பில் போடு.

கப்பல் இங்கிருந்துதான் கிளம்புகிறது. கிளம்பும் நாளில் என் வாடிக்கையாளர்களுக்குப் பாஸ்போர்ட்டை நானே துறைமுகக் கூடத்தில் வைத்துக் கொடுப்பேன். அவனுடையதை முதலில் கொடுத்து, அவளுடையது பெண்கள் வரிசையில் கிடைக்கும் என்பேன். அதன்பின் சோதனை. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்குத் திரை போட்ட தனி வரிசை. திரைக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் உட்காரும் அறைக்கு ஒரு கதவு இருக்கிறது. அங்கே நான் நிற்பேன். அவள் பாஸ்போர்ட் என் பையில் இருக்கும். அவன் மறுபக்கம் வந்து அவளைத் தேடுவதற்குள் நாங்கள் என் வீட்டில் இருப்போம். பாஸ்போர்ட் அவன் கையில் இல்லாத ஒரே காலம் இதுதான். நீயும் அன்று காலைப் பஸ்ஸில் கிளம்பி வந்துவிடு. ஒரு நாள்கூட அந்த வீட்டில் தனியாக இருக்காதே.

ஆனால் அவளைக் கேட்காமல் நான் எதுவும் செய்ய மாட்டேன். அவளைக் கேட்காமல் எல்லாவற்றையும் செய்ய அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் இருக்கிறான். நீ கேள். கட்டாயப்படுத்தாதே. அவள் வாயால் சொல்லட்டும்.

சித்தி


ஏப்ரல் 27

அன்புள்ள சித்தி,

சுகமா? கேட்பதற்கு இத்தனை நாள் ஆகிவிட்டது. அத்தான் ஒரு வாரம் கடையை மூடிவிட்டு வீட்டிலேயே இருந்தார்.

நேற்று மொட்டை மாடியில் கேட்டேன். நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு தலையணை உறையைத் திருப்பித் திருப்பி உதறிக்கொண்டிருந்தாள். அதில் உதற எதுவும் இல்லை.

"சித்திக்கு எப்படிடி தெரியும்?"

"நான் சொன்னேன்."

"நீயா? பக்கத்து வீட்டுல உப்பு கேக்கவே ஒரு மணி நேரம் யோசிப்ப."

"எழுதினேன்."

படிக்கட்டுக் கதவைப் பார்த்தாள். யாரும் இல்லை. "சரி" என்றாள். ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம்தான், பிறகு அத்தான் கூப்பிட்டார்.

இன்னும் இருபது நாள் இருக்கிறது.

பூனை


மே 7
விரைவுத் தபால்

பூனைக்குட்டி,

நலம் விசாரிக்க நேரம் இல்லை. நான் ஒரு பெரிய தவறு செய்துவிட்டேன்.

கடைசி நாளில் ஏதாவது பிசகினாலும் கப்பல்காரர்கள் அவளை ஏற்றக் கூடாது என்று நினைத்து, அவள் பெயரை டிக்கெட்டிலிருந்து முந்தாநாளே எடுத்துவிட்டேன். பயம்தான். அன்று என்னால் முடியாமல் போகுமோ என்ற பயம். எங்கள் ஆபீசில் டிக்கெட்டில் எந்த மாற்றம் செய்தாலும் வாடிக்கையாளர் வீட்டுக்கு உடனே கடிதம் போகும். யாரும் யாரையும் ஏமாற்றக் கூடாது என்று சண்டை போட்டு அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவளே நான்தான். தபால் கட்டும் பெண் நேற்றே அனுப்பிவிட்டாளாம். இன்று மாலை பேச்சுவாக்கில் சொன்னாள், "உங்க அக்கா பொண்ணு டிக்கெட் லெட்டரை மொதல்ல அனுப்பிட்டேன் மேடம்" என்று. எனக்குச் செய்த உதவியாம்.

நீல உறை. ஒருவருக்கு மட்டும் இடம் என்று அதில் இருக்கும்.

வந்திருந்தால், அவன் கைக்குப் போவதற்குள் எடுத்துவிடு. போய்விட்டால், பதினேழாம் தேதி எல்லாம் வேண்டாம். எப்படியாவது உடனே கிளம்புங்கள். நான் இங்கே பஸ் நிலையத்தில் இருப்பேன். எத்தனை நாள் ஆனாலும் இருப்பேன்.

சித்தி


மே 9

அன்புள்ள சித்தி,

நேரில் கேட்டால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் விரைவுத் தபால் இன்று மதியம் சலவைக் கடைக்கு வந்தது. படித்துவிட்டு ஓடினேன். செருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டேன். மாடி ஏறிப் பார்த்தபோது அத்தான் சாப்பிட உட்கார்ந்திருந்தார். நீல உறை தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. பிரித்திருந்தது.

அக்கா சாதக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"வா, நீயும் வா" என்றார் அத்தான். கடிதத்தை எங்கள் இருவருக்கும் தெரிவதுபோலப் பிடித்தார். "ஒருத்தருக்கு மட்டும்னு போட்டிருக்கு. நான் ரெண்டு பேருக்குத்தானே கேட்டேன்? ஒரு டிக்கெட்டா, ரெண்டு டிக்கெட்டா? எது சரி?"

அக்கா கரண்டியில் ஒட்டியிருந்த சாதத்தைப் பார்த்தாள்.

"அவசரமே இல்லை. நல்லாப் பார்த்துட்டு சொல்லுங்க."

அப்போது கீழே கடை மணி அடித்தது. கண் பரிசோதனைக்கு நேரம் கொடுத்திருந்த ஒருவர் வந்துவிட்டார். அத்தான் கை கழுவினார். தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"டெஸ்ட் முடிச்சிட்டு வந்துடறேன். வந்து நிதானமாப் பேசலாம். சாதம் ஆறிடும், மூடி வை" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கதவைச் சாத்தக்கூட இல்லை. மாடிப்படி அவர் கடைக்குள்ளேதான் இறங்குகிறது, வேறு வழி இல்லை. அது அவருக்குத் தெரியும்.

பரிசோதனைக்குக் கறுப்புத் திரையை இழுத்துவிட்டு உள்ளே விளக்கை அணைப்பார். அது எனக்கும் தெரியும். கீழே திரை வளையங்கள் கம்பியில் ஓடும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட்டதும் அக்காவின் நல்ல கையைப் பிடித்தேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள், சத்தம் வராமல்.

இறங்கினோம். திரைக்குப் பின்னால் அத்தான் குரல் கேட்டது. "இது தெளிவா... அது தெளிவா?" யாரோ ஓர் ஆள், "மொதல்லது சார்" என்றார். நாங்கள் கண்ணாடி அலமாரியைத் தாண்டியபோது, காத்திருப்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். அந்த ஆளின் மனைவியாக இருக்கும்.

"ஏம்மா, உள்ள இன்னும் ரொம்ப நேரம் ஆகுமா?" என்று நன்றாகச் சத்தமாகக் கேட்டார்.

திரைக்குப் பின்னால் குரல் நின்றது.

"யாரு அங்க?" என்றார் அத்தான்.

எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது. பெரியம்மா அக்காவின் கட்டுப் போட்ட மணிக்கட்டைப் பார்த்தார். எங்கள் இருவரின் வெறுங்காலைப் பார்த்தார். பிறகு திரைப் பக்கம் திரும்பி, "யாரும் இல்ல சார், நான்தான். உக்காந்து உக்காந்து தனக்குத்தானே பேசற வயசு வந்துடுச்சு. நீங்க பாருங்க. அந்த மனுஷனுக்கு நல்லா நேரம் எடுத்துப் பாருங்க, என் முகமே தெரியலங்கறார்" என்றார்.

உள்ளே ஒரு சிரிப்பு. கொஞ்சம் தாமதித்து, "இது தெளிவா... அது தெளிவா?"

கதவில் மணி கட்டியிருக்கிறது, திறந்தால் அடிக்கும். பெரியம்மா எழுந்து வந்து மணியின் நாக்கைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டார். நாங்கள் வெளியே போனோம்.

சலவைக் கடையில் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கடைக்கார அம்மா எங்களைப் பார்த்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். தன் செருப்பைக் கழற்றி அக்காவுக்குப் போட்டார். என் செருப்பை என் பக்கம் காலால் தள்ளினார். பணம் கொஞ்சம் கொடுத்துப் பின்வாசல் வழியாக அனுப்பினார். "தேடி வந்தா என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன். அவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அது என்று நினைக்கிறேன். "அழுக்குத் துணி இருந்தா கொடுத்துட்டுப் போங்கன்னு சொல்வேன். ஓடு" என்றார்.

பஸ் நிலையத்தில் உங்கள் ஊர்ப் பஸ் நின்றிருந்தது. ஏறி ஜன்னல் பக்கம் அக்காவை உட்கார வைத்தேன். பிறகு அது தெருவுக்குத் தெரியும் பக்கம் என்று பயந்து, இடம் மாறி நான் உட்கார்ந்தேன். ஓட்டுநர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கறுப்புக் காலணி போட்ட ஒவ்வொரு காலும் அத்தான் கால் மாதிரியே இருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பஸ்ஸை நோக்கி வந்தார். நான் முன்னால் சாய்ந்து அக்காவை மறைத்துக்கொண்டேன். அவர் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இயந்திரம் உறுமியது. அப்போதுதான் அக்கா பேசினாள்.

"சாதத்தை மூடி வைக்காம வந்துட்டேன்டி."

"பரவால்லக்கா."

"அவர் இன்னும் சாப்பிடலை. பாதியில எழுந்து போனார். நான் போய் மூடி வெச்சுட்டு, சொல்லிட்டு வந்துடறேன். சொன்னா புரிஞ்சுக்குவார்." அவள் குரல் ஒன்றுமே நடக்காததுபோல இருந்தது. எழுந்து நின்று முன் இருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கையால் பிடித்ததில் முகம் சுருங்கியது. ஆனாலும் விடவில்லை.

கண்டக்டர் வந்தார். "ஏம்மா, நிக்கறீங்க, இறங்கறீங்களா? இறங்கறதுன்னா இப்பவே இறங்கிடுங்க. எத்தனை டிக்கெட்?"

அக்கா என்னைப் பார்த்தாள். என்னிடம் எதையோ கேட்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"ரெண்டு" என்றேன்.

"என்னது? கேக்கலை."

நான் எழுந்து, அக்காவின் தோளில் கை வைத்து அவளை உட்கார வைத்தேன். பிறகு பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, "ரெண்டு டிக்கெட்" என்றேன்.